திரும்பி வரும் பார்சலை எண்ணிவிட்டு விளம்பரம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தோ சின்னக் கடையிலிருந்தோ இணையத்தில் பருத்திச் சேலை விற்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "விற்பனையை எப்படிக் கூட்டுவது?" என்பதுதான். அதற்குக் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான்: தினம் ஒரு ரீல் போடு, பணம் கட்டி விளம்பரம் கொடு. இத்தகைய கடைகளுக்குக் கணக்கும் பார்சலும் பார்த்துத் தருகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினாலும் குடம் நிறையாது. இணையக் கடையின் பெரிய ஓட்டை, கேஷ் ஆன் டெலிவரியில் போய் வாங்கப்படாமல் திரும்பி வரும் பார்சல். கூரியர்காரர்கள் இதை 'ஆர்டிஓ' (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பிய இடத்துக்கே திரும்புவது) என்பார்கள். ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம் அல்ல. ஆனால் செலவு வைப்பதில் அதற்குக் குறைவும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் கடைக்குக் கடை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. சேலையின் விற்பனை விலை 850 ரூபாய். கொள்முதலும் பேக்கிங்கும் சேர்ந்து 600. மிச்சம் 250. கூரியர் 70, பணம் வசூலித்துத் தரும் கட்டணம் 40. ஆக, வாடிக்கையாளர் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு சேலைக்கும் கையில் நிற்பது 140 ரூபாய். வாங்காமல் திரும்பினால் போகக் கூரியர் 70, வரக் கூரியர் 60, மறுபடி மடித்து உறை மாற்ற 15 என்று 145 ரூபாய் கைவிட்டுப் போகும்.

100 ஆர்டரில் 25 திரும்பியது என்று வையுங்கள். 75 சேலையில் வந்தது 10,500. திரும்பிய 25-ல் போனது 3,625. மாத மிச்சம் 6,875. அதே 100 ஆர்டரில் திரும்புவதை 10 ஆகக் குறைத்தால், 90 சேலையில் 12,600 வரும், 1,450 போகும், மிச்சம் 11,150. புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட வராமலே 4,275 ரூபாய் கூடிவிட்டது. திரும்பி வருவதை அப்படியே விட்டுவிட்டு இதே தொகையைச் சம்பாதிக்க நினைத்தால், இன்னும் சுமார் 62 ஆர்டர் பிடிக்க வேண்டும். அந்த 62-க்கும் விளம்பரச் செலவு தனி.

விளம்பரத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கசக்கும். ஓர் ஆர்டருக்கு 120 ரூபாய் விளம்பரச் செலவு என்றால் 100 ஆர்டருக்கு 12,000. முதல் கடைக்கு மாதம் 5,125 ரூபாய் நட்டம். திரும்புவதைக் குறைத்த கடைக்கும் 850 ரூபாய் நட்டம்தான்! நூறு ஆர்டர் வந்தும் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் முழிக்கும் கடைகளின் கதை இதுதான். ஆனால் அந்த 100 ஆர்டரில் 40 பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தால் விளம்பரச் செலவு 60 ஆர்டருக்கு மட்டுமே, 7,200. அப்போது 3,950 ரூபாய் லாபம். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் திரும்புவதைக் குறைப்பது, அடுத்து வாங்கியவரையே மறுபடி வாங்க வைப்பது, விளம்பரம் கடைசியில்.

பார்சல் ஏன் திரும்புகிறது? பாதிக்கு மேல் மனம் மாறியவர்கள் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். ஏன் மனம் மாறுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ரீல் பார்த்து ஆசையில் போட்ட ஆர்டர், நான்காம் நாள் பார்சல் ஆகி எட்டாம் நாள் வாசலுக்கு வந்தால் ஆசை ஆறிப்போயிருக்கும். கையில் இருக்கும் சரக்கை 24 மணி நேரத்துக்குள் கூரியரிடம் கொடுத்துவிடுங்கள். தறியிலிருந்து இனிமேல்தான் வர வேண்டிய சேலைக்குக் கேஷ் ஆன் டெலிவரியே வேண்டாம்.

ஆர்டர் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் சேலைப் படம், விலை, முகவரி மூன்றையும் அனுப்பி, "சரிதானா?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பார்சல் போடாதீர்கள். பின்கோடும் ஊர்ப் பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் இந்த நேரத்தில்தான். ஒரே பெயரில் தமிழ்நாட்டில் நாலு ஊர் இருக்கும், மாவட்டம் கேட்காமல் அனுப்பினால் பார்சல் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும். இரண்டாவது கைபேசி எண்ணும் அடையாளத்துக்கு ஒரு கோயிலோ பள்ளியோ கடையோ கேட்டு வாங்குங்கள்.

பார்சல் கொண்டுபோனவர் "ஆள் இல்லை" என்று குறித்துவிட்டால், அந்தத் தகவல் அன்றே கூரியர் நிறுவனத்தின் விற்பனையாளர் பக்கத்தில் வந்துவிடும். பல கடைகள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. வழக்கமாக மூன்று முறை முயன்றுவிட்டுத் திருப்பிவிடுவார்கள். அன்றே வாடிக்கையாளரிடம் பேசி, மறுநாள் எத்தனை மணிக்கு இருப்பார் என்று எழுதிப் போட்டால், திரும்ப வேண்டிய பார்சல்களில் கணிசமானவை கைக்குப் போய்ச் சேரும். இந்த ஒரு வேலைக்குத் தினம் காலை பதினைந்து நிமிடம் ஒதுக்குவது, பத்து ரீல் போடுவதைவிட லாபம்.

முழு விலையையும் முன்பணமாகக் கட்டுபவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் மார்ஜின் போய்விடும் என்று தயங்குகிறவர்களுக்கும் கணக்குத்தான் பதில். மேலே சொன்ன முதல் கடையில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் ஒன்றுக்குச் சராசரியாக நிற்பது 68 ரூபாய் 75 காசு. முன்பணம் வந்தால் வசூல் கட்டணம் 40 இல்லை. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் 20 ரூபாய். நிற்பது 160. அதில் 50 ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும் 110 நிற்கும். "கேஷ் ஆன் டெலிவரிக்கு 50 ரூபாய் கூடுதல்" என்று எழுதாதீர்கள், "முன்பணம் கட்டினால் 50 ரூபாய் குறைவு" என்று எழுதுங்கள். தொகை ஒன்றுதான், காதில் விழும் விதம் வேறு. முழுப்பணம் கட்டத் தயங்குபவரிடம் 100 ரூபாய் மட்டும் யுபிஐயில் வாங்கிக்கொள்ளலாம். நூறு ரூபாய் கட்டியவர் பார்சலை மறுப்பது அரிது. க்யூஆர் அனுப்பி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் போடாதீர்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வங்கிக் கணக்கில் ஒப்பிட்ட பிறகே போடுங்கள்.

வாங்கிய பிறகு திருப்பி அனுப்புவது வேறு நோய். சேலையில் அதற்குப் பெரிய காரணம் நிறம். "படத்தில் பார்த்த கலர் இல்லை" என்ற புகாருக்கு வாடிக்கையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம் என்று நெய்த இரட்டை நிறச் சேலையில் கைபேசி ஏதாவது ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும். மயில் கழுத்து நிறம் ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்த படத்தில் பச்சையாகவும் வரும். இதற்குப் படம் போதாது. முந்தானையைக் கையில் பிடித்து மெல்ல அசைத்து 20 வினாடி வீடியோ எடுத்துப் போட வேண்டும். "பாவு நீலம், ஊடை பச்சை" என்று எழுத்திலும் சொல்ல வேண்டும்.

மற்றச் சேலைகளுக்கு நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம், காலை 9 முதல் 11 மணிக்குள், டியூப் லைட்டையும் ஃபிளாஷையும் அணைத்துவிட்டு எடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் வெள்ளைச் சேலை ஒரு பக்கம் ஒரு நிறம் பாயும், மறு பக்கம் வேறு நிறம் பாயும். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படம் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, அதே அமைப்பில் மீதிப் படங்களை எடுங்கள். 'பளிச்' என்று காட்டும் ஃபில்டர்தான் பின்னால் பார்சலாகத் திரும்பி வருகிறது.

எத்தனை படம் வேண்டும்? கட்டிய நிலையில் ஒன்று, உடல் பகுதி நெருக்கமாக ஒன்று, கரை அகலம் தெரிய ஸ்கேல் வைத்து ஒன்று, முந்தானை முழுதாக விரித்து ஒன்று, பிளவுஸ் துணி ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் தேடுவதே அதைத்தான். கைபேசியிலிருந்து வரும் படம் நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் கிராமத்து நெட்டில் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். அகலம் 1,200 பிக்சல், அளவு 200 கேபிக்குள் என்று சுருக்கிப் போடுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியப் படம் இரண்டரை வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

விவரம் எழுதும் இடத்தில் "அழகிய காட்டன் சேலை, விசேஷங்களுக்கு ஏற்றது" என்று எழுதுவதால் ஒரு சேலையும் விற்காது. எழுத வேண்டியது இவை: சேலை நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர், இரண்டும் ஒரே துணியா தனியா, அகலம் எத்தனை அங்குலம், 80-ஆம் நம்பர் நூலா 100-ஆம் நம்பரா (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்), கைத்தறியா விசைத்தறியா, எடை எத்தனை கிராம், ஜரிகை இருந்தால் என்ன வகை, முதல் அலசலில் சாயம் போகுமா, கஞ்சி எத்தனை துவைப்பில் இளகும். "முதல் இரண்டு முறை தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் போகும்" என்று முன்னாலேயே எழுதிவிட்டால் அது குறிப்பு. துவைத்த பிறகு வாடிக்கையாளர் சொன்னால் அது புகார். உயரமானவர்களும் பருமனானவர்களும் அகலத்தையும் நீளத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அளவு இல்லாத பக்கத்தில் அவர்கள் கேள்விகூடக் கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

நிறப் பெயரிலும் வியாபாரம் இருக்கிறது. அரக்கு, வாடாமல்லி, எம்.எஸ். புளூ, மாம்பழ மஞ்சள் என்று மக்கள் வாயில் இருக்கும் பெயர்களைத் தலைப்பிலேயே போடுங்கள். சுங்குடி என்று தேடுபவரும் உண்டு, சுங்கடி என்று தேடுபவரும் உண்டு. இரண்டு எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள் பட்டியலை ஏற்றினால் ஷாப்பிங் பகுதியில் இலவசமாகவே இடம் கிடைக்கும். காசு கேட்காததாலோ என்னவோ, இதைச் சொல்லித் தர ஆள் இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. மதுரை சுங்குடி, காரைக்குடி கண்டாங்கி, நெகமம் பருத்திச் சேலை மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் அச்சடித்த துணிக்கு இந்தப் பெயர்களை வைத்தால் சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், முடிச்சுப்போட்டுச் சாயம் ஏற்றிய சேலைக்கும் அச்சடித்ததற்கும் வித்தியாசம் தெரிந்த வாடிக்கையாளர் மறுபடி உங்கள் பக்கம் வரமாட்டார். "சுங்குடி மாதிரி அச்சு" என்று உண்மையை எழுதியும் விற்கலாம்.

பார்சல் எடையில் போகும் காசு கண்ணுக்குத் தெரியாது. கூரியரில் எடை இரண்டு வகை. தராசில் காட்டுவது ஒன்று. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வருவது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 450 கிராம் சேலையை 35, 25, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால் 1.75 கிலோ. அரைக்கிலோ படிகளில் கட்டணம் என்றால் இரண்டு கிலோவுக்குக் கட்டுவீர்கள். அதே சேலையைத் தட்டையாக மடித்து, மழைக்காலத்துக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு, 30, 25, 3 சென்டிமீட்டர் கூரியர் உறையில் வைத்தால் 0.45 கிலோ, தராசில் 470 கிராம். அரைக்கிலோவுக்குள் முடிந்துவிடும். நன்றி அட்டை, குங்குமச் சிமிழ், சாக்லேட் என்று அன்பைக் கூட்டிக்கொண்டே போனால் 30 கிராமில் அடுத்த படிக்கு ஏறிவிடும். அட்டை ஒன்று போதும். பேக் செய்ததும் தராசில் வைத்து ஒரு படம், டேப் வைத்து ஒரு படம் எடுத்து வைத்தால், கூரியர் நிறுவனம் எடையைக் கூட்டி பில் போடும்போது மறுக்க ஆதாரம் இருக்கும். தனியார் கூரியர் வீடுவரை போகாத மலையூர், உள்கிராமப் பின்கோடுகளுக்கு ஸ்பீடு போஸ்ட்டே மேல். அங்கே தனியாரில் போட்டால் "அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அதுவே திரும்பி வரும்.

இரண்டு சேலை சேர்ந்தால் உறையோடு சுமார் 920 கிராம். ஒரு கிலோவுக்குள் அடங்கும், கட்டணம் இரட்டிப்பாகாது. அதனால் 850 ரூபாய்ச் சேலை விற்பவர் இலவச டெலிவரியை 999-க்கு வைக்காமல் 1,499-க்கு வைக்கட்டும். இரண்டாவது சேலைக்கு அதுவே தூண்டில். ஆனால் டெலிவரிக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவேன் என்று ஒளித்து வைக்காதீர்கள். பணம் கட்டும் நேரத்தில் திடீரென்று 70 ரூபாய் கூடினால் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதோடு, விலையைத் துண்டுதுண்டாகக் காட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், "இன்னும் 2 பேர் பார்க்கிறார்கள், சீக்கிரம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல்களில் தடுக்கப்பட்டவை.

வாங்கியவரை மறுபடி வாங்க வைக்க வாட்ஸ்அப் பிசினஸ் போதும், செலவில்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பார்சலில் வைக்கும் அட்டையில் "இந்த எண்ணைப் பதிந்து வைத்தால் புதுச் சரக்கு முதலில் உங்களுக்கு" என்று அச்சிடுங்கள். லேபிள் வசதியில் நிறம், விலை, ஊர் என்று பிரிக்காமல் எதை வாங்கினார் என்று பிரியுங்கள்: சுங்குடி வாங்கியவர், கண்டாங்கி வாங்கியவர், ஒன்பது கஜம் கேட்டவர். ஒன்பது கஜம் கேட்டவருக்குத் தினம் பதினைந்து ஆறு கஜப் படம் அனுப்பினால் மூன்றாம் நாள் பிளாக் செய்துவிடுவார். வாரம் ஒருமுறை, ஐந்து படம், விலையோடு. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதும் பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ தெரியவில்லை. விலை கேட்கக் கூச்சப்படுபவர் எத்தனை பேர் என்று யாரும் நினைப்பதில்லை.

இவையெல்லாம் சரியான பிறகு விளம்பரம். இன்ஸ்டாகிராமில் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் பார்ப்பவரும் லைக் போடுபவரும் கூடுவார்கள், வாங்குபவர் கூடமாட்டார். விளம்பர மேலாளர் பக்கத்தில் போய், வாங்குவதையோ செய்தி அனுப்புவதையோ இலக்காக வைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் முறைப்படி ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 பலன் (ஆர்டரோ செய்தியோ, இலக்காக வைத்தது எதுவோ அது) கிடைத்தால்தான் அது யாருக்குக் காட்டுவது என்று கற்று முடிக்கும். ஓர் ஆர்டருக்கு 120 ரூபாய் என்றால் அதற்கு வாரம் 6,000 வேண்டும். தினம் 300 ரூபாய் வைத்திருப்பவர் அதையும் ஆறு தொகுப்பாகப் பிரித்து, மூன்றாம் நாள் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவது வீண். சின்னத் தொகை என்றால் ஒரே தொகுப்பு, வாட்ஸ்அப் செய்தியே இலக்கு, ஏழு நாள் கை வைக்காமல் விடுங்கள். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு அது திரும்பக் கிடைக்காது, எனவே 120 என்பது உண்மையில் 141 ரூபாய் 60 காசு.

ஜிஎஸ்டி பதிவு பற்றி வரும் குழப்பத்துக்குச் சுருக்கமாக: சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கே. பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, அதற்குப் பதிவு வேண்டும். கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்குள்ள விலக்கில் உங்கள் சரக்கு வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே கூடாது. பெரிய தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவுக் கட்டாயம் தளர்ந்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று பக்கத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விவரித்தபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்க முடியாது. புகார் அதிகாரி ஒருவரின் பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆளில்லாத சின்னக் கடையில் உரிமையாளரே தம் பெயரையும் எண்ணையும் போடலாம். அது பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் முதல்முறை வாங்குபவர் பயமில்லாமல் முன்பணம் கட்டுகிறார்.

சுய உதவிக் குழுக்களுக்கும் நெசவாளர் குடும்பங்களுக்கும் இணைய விற்பனைப் பயிற்சி நடத்தும் துறைகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பக்கம் திறப்பது, ரீல் எடுப்பது என்பதோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். மேசை மீது ஒரு தராசு, ஒரு இஞ்சு டேப், ஒரு கூரியர் பில் வைத்து, வந்தவர்களையே ஒரு சேலையை மடித்து, அளந்து, உறையிலிட்டு, ஓர் ஆர்டரில் என்ன மிஞ்சுகிறது என்று தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அரை நாள் போதும்.

இப்படிக்கு,
சேலைக் கடைகளுக்குக் கணக்கும் பார்சலும் பார்க்கும் இருவர்,
ஈரோடு.